பொம்மைகளின் ஊர்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு க்ஷேத்திராடனம் செய்வதைப் போன்ற தவம் வேறு கிடையாது. கோட்டையைக் காட்டினால் "வெயில்" என்பார்கள். கோபுரத்தைக் காட்டினால் "கால் வலிக்கிறது" என்பார்கள். அரண்மனைக்குள் நுழைந்ததும் ராஜா எங்கே என்று கேட்டு, இப்போது ராஜா கிடையாது என்று தெரிந்துகொண்ட மறுகணமே, ஐஸ்கிரீம் எங்கே என்பார்கள். கடைத்தெருவில் மட்டும் இந்தச் சங்கடம் எழுவதில்லை. ஆகவே, மைசூருக்குப் புறப்படும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு யோசனை: வழியில் சென்னபட்டணாவில் இறங்குங்கள்.

பெயரைக் கேட்டு நமது சென்னை என்று எண்ணிவிட வேண்டாம். இது பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மைசூர் ரயில் பாதையில் இருக்கும் ஊர். கன்னட நாட்டார் இதைப் 'பொம்மைகளின் ஊர்' என்றே அழைக்கிறார்கள். பழைய நெடுஞ்சாலையின் ஓரமாகக் கடைகள். கடைகளின் வாசலில் ஆடுகுதிரைகள், நடைவண்டிகள், பம்பரங்கள், கிலுகிலுப்பைகள்.

ஆனால் கடையோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். கடைக்காரரை விசாரித்துக் கடைசல் பட்டறை ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே நடப்பது குழந்தைகளுக்கு ஜாலவித்தையாகவே தோன்றும். மரம் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் தைலம் காய்ச்சுகிற வெட்பாலைதான். வெளுத்த, மிருதுவான மரம். நன்றாக உலர்ந்த துண்டைக் கடைசல் யந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியைக் காட்டுகிறார் தொழிலாளி. சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு தலையும் இடுப்பும் உண்டாகிவிடுகின்றன! பிறகு, சுழலுகிற மரத்தின்மீது நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துகிறார். தூரிகையும் இல்லை, அடுப்பும் இல்லை. உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. கடைசியாகத் தாழை மடலால் ஒரு தேய்ப்பு, பளபளப்பு வந்துவிடுகிறது. மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும் அவுரியிலிருந்து நீலமும் எடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. எதையும் வாயில் வைத்துப் பரீட்சை செய்யும் பருவத்துப் பிள்ளை இருந்தால், இத்தகைய இயற்கைச் சாயம் ஏற்றிய சாமானையே கேட்டு வாங்குங்கள்.

திப்பு சுல்தான் பாரஸீகத்திலிருந்து வினைஞர்களை வரவழைத்து இக்கலையை இங்கே வேரூன்றச் செய்தான் என்பது ஊராரின் ஐதிகம். திப்பு 1799-இல் போரில் மாண்டான். யந்திரம் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது.

ஆனால் எத்தனை நாளைக்கு? அந்நியத் துணிகளின்மீது 1920-களில் நம்மவர்கள் கொண்ட கோபம் நமக்குத் தெரியும். சுதந்திர பாரதத்திலும் சீனத்துப் பிளாஸ்டிக் வந்து குவிந்தது. 2020-இல் சர்க்கார் இறக்குமதி வரியை நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆக உயர்த்தியது. அதைக் கண்டு பெருமூச்சு விட்டவர்களுக்கு 2023-இல் வேறொரு சோதனை வந்தது. பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அது ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறது. மோட்டாரில் போகிறவர்களுக்குப் பிரயாண நேரம் மிச்சம். பழைய சாலையில் கடை வைத்திருப்பவர்களுக்கோ வாசலில் நின்ற வண்டிகள் குறைந்துவிட்டன. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மோட்டாரோட்டியிடம் ஊருக்குள் திரும்பும்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விலையில் சற்றுப் பேசலாம். ஆனால் ஐஸ்கிரீமுக்குப் பேரம் பேசாதவர்கள், ஒரு மனிதர் கையால் கடைந்த பம்பரத்துக்கு மட்டும் பேரம் பேசுவது அழகல்ல. பெண் குழந்தை பம்பரத்தையும் பையன் சொப்பையும் எடுத்தால் தடுக்காதீர்கள்.

பட்டறையைப் பார்த்து முடித்ததும் மைசூர் ரயிலைப் பிடியுங்கள். அடுத்து வருவது மத்தூர்; அவ்வூர் வடைக்குத் தனிப் புகழ் உண்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: வடை கைக்கு வரும்வரையில் பம்பரங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஓடுகிற ரயிலில் பெஞ்சிக்கு அடியில் உருண்டுபோன பம்பரத்தைத் தேட, அப்பா ஒருவரால்தான் முடியும் என்று எல்லாரும் ஏகமனதாகத் தீர்மானித்துவிடுவார்கள்.