பழைய ஜிப்ஸிக்குப் புது டயர்: மழையில் பிரேக் பிடித்தால் நிற்குமா?

மழைக்காலத்தில் வேப்பம்பட்டில் வண்டி ஓட்டுவது, ஒரே நாளில் இரண்டு ஊர்களில் ஓட்டுவது மாதிரி. சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் போகும்வரை தார் ரோடு. அங்கிருந்து உள்ளே திரும்பி, புதுப் புது மனைப்பிரிவுகளுக்குள் நுழைந்தால் களிமண், பள்ளம், தேங்கி நிற்கும் தண்ணீர். லோக்கல் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

ஆவடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவரின் வீடு அப்படியொரு தெருவின் கடைசியில் இருக்கிறது. வாசலில் நிற்பது 2008-ம் வருட மாருதி ஜிப்ஸி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவருக்கு அது வண்டி இல்லை, வீட்டில் இன்னொரு ஆள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவே குளமானபோது, பால் பாக்கெட்டும் மாத்திரையும் வாங்கிவர அந்தத் தெருவில் வெளியே கிளம்பிய ஒரே நான்கு சக்கரம் அதுதான்.

ஜிப்ஸி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 1985-ல். ராணுவம், போலீஸ், வனத்துறை என எல்லா இடங்களிலும் ஓடி, 2019-ல் பொதுமக்களுக்கான தயாரிப்பு நின்றது. எடை சுமார் ஆயிரம் கிலோதான். முன்னும் பின்னும் பட்டா ஸ்பிரிங். ஏ.பி.எஸ். கிடையாது. டயர் விஷயத்தில் இந்த மூன்றும் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குப் போன மாதம்தான் யோசிக்க வேண்டிவந்தது.

காரணம், டயர் மொட்டையாகிவிட்டது. டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து மேல்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால், மிச்சமிருப்பது 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டக்கூடாது. அவருடைய வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் அந்த நிலைக்கு வந்துவிட்டன. முன்சக்கரங்களில் பள்ளம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் நரம்பு நரம்பாக வெடிப்பு.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குச் சொன்னார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் பத்துப் படங்கள் வந்து விழுந்தன. எல்லாம் பெரிய பெரிய கட்டை வைத்த ‘ஆல் டெரெய்ன்’ டயர்கள்.

“அப்பா, ஒரு சைஸ் பெருசா போடுங்க. வண்டி சும்மா கெத்தா நிக்கும். சேத்துல மாட்டவே மாட்டீங்க.”

அவருக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்த்த மனைவி கேட்டது ஒரே கேள்வி.

“எல்லாம் சரிங்க. மழையில பிரேக் அடிச்சா நிக்குமா?”

மாதத்துக்கு இரண்டு முறை திருவள்ளூரில் மருத்துவமனைக்குப் போய் வருகிறவர் அந்த அம்மா. முதுகுத் தண்டில் பிரச்னை. ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும். லாரிகளுக்கு நடுவில் பெரியவர் திடீரென்று பிரேக் மிதிக்கும்போது டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பெரியவர் ஒரு வேலை செய்தார். டைரியை எடுத்து, போன மாதம் வண்டி எங்கெங்கே போனது என்று எழுதிக் கூட்டினார். மொத்தம் 480 கிலோமீட்டர். அதில் மண்ணும் சேறும் 40-கூட வரவில்லை. மீதி முழுக்கத் தார் ரோடு. அதிலும் பாதி, மழையில் நனைந்த தார் ரோடு.

டயர் வகைகளை மூன்றாகப் பிரிக்கலாம். ‘ஹைவே டெரெய்ன்’ தார் ரோட்டுக்கானது. பள்ளங்கள் குறுகல், சத்தம் குறைவு, மைலேஜ் நல்லது. ‘மட் டெரெய்ன்’ சேற்றுக்கானது. கட்டைகளுக்கு நடுவில் அகலமான இடைவெளி இருக்கும். சக்கரம் சுற்றும்போது சேறு தானாகவே தெறித்து விழ வேண்டும் என்பதற்காக. ‘ஆல் டெரெய்ன்’ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பெயரில் ‘ஆல்’ இருந்தாலும் எல்லா இடத்திலும் முதல் மார்க் வாங்குகிற டயர் எதுவும் இல்லை. சேற்றில் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால், ஈரத் தாரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏன் என்றால், ஈரமான தாரில் பிடிப்புக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம். இன்னொன்று, ரோட்டோடு ஒட்டும் ரப்பர் பரப்பு. பெரிய கட்டை டயரில் இடைவெளி அதிகம் என்பதால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் நல்ல ஆல் டெரெய்ன் டயர்களில், கட்டைகளின் மேல் பிளேடால் கீறியது மாதிரி மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். ‘சைப்’ என்று பெயர். அந்தக் கீறலின் ஒவ்வொரு ஓரமும் ஈர ரோட்டைக் கவ்வும். ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அங்கே காப்பாற்ற வேண்டியது டயர்தான். கடைக்குப் போனால் கட்டை எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதைவிட, கட்டையின் மேல் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது சைஸ். அவருடைய வண்டியில் இருப்பது 205/70 ஆர்15. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவிகிதம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். மகன் சொன்னது 215/75 ஆர்15. கணக்குப் போட்டால் பழைய டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ., புதியது சுமார் 703 மி.மீ. வித்தியாசம் 35 மி.மீ. அதில் பாதிதான் வண்டி உயரும். அதாவது ஒரு விரல் அகலம்.

அந்த ஒரு விரலுக்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாகக் காட்டும். பெரிய சக்கரத்தைச் சுற்ற பழைய இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும், நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசலாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கம்பெனி சொன்ன அளவில் டயர் இருந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டிய அவசியம் வராது.

இன்னொரு ஆசையையும் அவர் விட வேண்டியிருந்தது. பக்கச் சுவர் தடித்த, லாரி ரகத்து ‘எல்.டி.’ டயர். கல்லில் குத்தினாலும் கிழியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கனமான வண்டிகளுக்கானது. ஆயிரம் கிலோ ஜிப்ஸியில் போட்டால் பட்டா ஸ்பிரிங்கின் குலுக்கலோடு டயரின் விறைப்பும் சேரும். டயரில் சைஸுக்குப் பக்கத்தில் 96 என்று எழுதியிருந்தால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். நான்குக்கும் சேர்த்து 2,840 கிலோ. ஜிப்ஸிக்கு அதுவே தாராளம். வீட்டில் முதுகுவலிக்காரர் இருந்தால் அதற்கு மேல் தேடத் தேவையில்லை.

“பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாமே சார், செலவு பாதியா குறையும்” என்றார் டயர் கடைக்காரர். சாதாரண காருக்கு அது நடக்கும். ஃபோர் வீல் டிரைவில் யோசிக்க வேண்டும். ஜிப்ஸி, பழைய தார், பழைய பொலிரோ போன்றவற்றில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். முன் டயர் தேய்ந்து சின்னதாகவும் பின் டயர் புதுசாகப் பெரிசாகவும் இருந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தாரில் அந்த இழுபறி முழுக்க கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் போகும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்த ரிப்பேர் பில் பெரிசு. அதனால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானம். முடிந்தால் ஸ்டெப்னியும்.

வெடிப்பு விட்ட முன் டயர்கள் சொன்ன பாடம் வேறு. பழைய வண்டிகள் குறைவாகத்தான் ஓடும். அதனால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டுப்போகும். டயரின் பக்கச் சுவரில் ‘டி.ஓ.டி.’ எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் அதன் பிறந்த தேதி. 1224 என்றால் 2024-ம் வருடம் 12-வது வாரம். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒருமுறை டயரை ஆளிடம் காட்டச் சொல்கிறார்கள். பத்து வருடம் ஆனால், பள்ளம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பெரியவர் குனிந்து, செல்போன் டார்ச் அடித்து அவருடைய முன் டயரைப் பார்த்தார். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மனைவியை உட்காரவைத்து அதில்தான் திருவள்ளூருக்குப் போய்வந்திருக்கிறார்.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கு டயர் புதுசு இல்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-ல் அதே ஊரில் டயர் செய்ய ஆரம்பித்தது. அம்பத்தூரில் டன்லப் இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலேயே தேர்வாய் கண்டிகையில் மிஷலின் ஆலை இருக்கிறது. டயர் செய்கிற ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் டயரின் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் வீடுகளில் இல்லை.

கடைசியில் அவர் வாங்கியது கம்பெனி சைஸிலேயே, கட்டை சின்னதாக, கீறல் நிறைய இருக்கும் ஆல் டெரெய்ன். அந்த அளவு கடையில் இல்லை. பத்து நாள் காத்திருந்தார். ஐந்து டயர், எல்லாமே நான்கு மாதத்துக்குள் தயாரானவை. வீல் அலைன்மென்ட் முடித்து, வண்டியின் கையேட்டில் சொன்ன காற்றை அடித்துக்கொண்டு வந்தார்.

படத்தைப் பார்த்த மகனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “என்னப்பா, பழசு மாதிரியேதானே இருக்கு?”

“உங்கம்மாவைக் கேளு” என்று போனைக் கொடுத்துவிட்டார்.

நெடுஞ்சாலையில் லேசாக ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பெட்ரோலும் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறது. போன வாரம் மழையில் செவ்வாப்பேட்டைக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டி நேராக நின்றது. அந்த அம்மா டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, “ம், போலாம்” என்றார்.