அப்பாவின் படப்புத்தகத்தோடு ஒரு பயணம்

மலாக்கா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ஆ பாமோசா கோட்டை வாசலாக இருக்கும். அல்லது 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலாக இருக்கும். இன்று நான் உங்களை அழைத்துப் போவது வேறொரு பாதையில். அதற்கு வழிகாட்டி, ஓரம் கிழிந்த ஒரு நோட்டுப் புத்தகம்.

அது என் தந்தையாருடையது. ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் 1968-இல் ஆறாம் வகுப்புப் படித்தபோது அவர் தொடங்கியது. ஒட்டுக்கடைக்கு வரும் 'தமிழ் நேசன்' பழையதானதும், அதிலுள்ள விளையாட்டு வீரர் படங்களைக் கேட்டு வாங்கி வெட்டி வைப்பாராம். சூயிங்கம் பொட்டலத்தோடு வந்த பந்து விளையாட்டுக்காரர் படங்களும் அதில் உண்டு. பசைக்குக் காசு ஏது? வாளியின் அடியில் மிஞ்சிய ரப்பர் பால்தான் பசை. அதனால் பக்கங்கள் பழுத்த பலாச்சுளை நிறத்துக்கு மாறிவிட்டன.

முதல் பக்கத்தில் டாக்டர் எம். ஜெகதீசன். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியவர். அடுத்த பக்கம், அத்தை பிடிவாதமாக ஒட்டச் சொன்ன எம். ராஜமணி, அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய பெண்மணி. அப்பாவும் ஓட்டக்காரர்தான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது, பால் வெட்டப் போனார், ஓட்டமும் நின்றது. அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. படம் ஒட்டுவதை மட்டும் விடவில்லை.

கடந்த பள்ளி விடுமுறையில் அப்பா, என் மகன், மகள் எல்லோரும் அந்தப் புத்தகத்தோடு புறப்பட்டோம். முதலில் அலோர் காஜா. தேசியக் காற்பந்துக் குழுவின் தற்காப்பு அரணாக விளங்கிய, 'தவுக்கே' என்று நாடே அழைத்த சோ சின் ஆன் 1950-இல் பிறந்த ஊர் அது. தேநீர்க் கடையில் அமர்ந்து அப்பா புத்தகத்தைத் திறந்தார். சோ சின் ஆனுக்குப் பக்கத்தில் 'சிலந்தி மனிதன்' ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் கோல் காத்தவர். 1974-இல் தெஹ்ரானில் வெண்கலம் வென்ற குழுவில் இருவரும் உண்டு. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்த செய்தி வந்த நாளில் தோட்டத்து லயத்தில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை என்றார் அப்பா. கடைக்காரச் சீனப் பெரியவரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

அங்கிருந்து குருபோங் ஹங் ஜெபாட் விளையாட்டரங்கம். வெளியே நின்று பார்த்தோம். அப்போதுதான் புத்தகத்திலிருந்து ஒரு படம் நழுவி விழுந்தது.

அதை நான் சொல்லியாக வேண்டும். 2017-இல் ஜெகதீசனின் 20.92 விநாடிச் சாதனையை ஓர் இளைஞர் முறியடித்தார்: கைருல் ஹபீஸ் ஜந்தான், 20.90 விநாடி. அப்போது எட்டு வயதாயிருந்த என் மகன் ஆசையாக அந்தப் படத்தை வெட்டிக் கொடுத்தான். அப்பா ஒட்ட மறுத்துவிட்டார். "என் புத்தகத்தில் வேண்டாம்," என்றார். பையன் அழுதான். அதன்பின் அவன் தாத்தாவின் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. தனக்கென்று வேறு ஏடு வைத்துக்கொண்டான். படம் மட்டும் ஒட்டப்படாமல் உள்ளேயே கிடந்தது.

மாலையில் ஜோங்கர் சாலை. பழம்பொருள் கடையில் சூயிங்கம் படங்களை மட்டும் வெட்டித் தந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார்கள். பத்திரிகைப் படங்கள் வேண்டாமாம். அப்பா புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நடைபாதையில் உட்கார்ந்தவர், சற்று நேரம் கழித்துப் பேரனைக் கேட்டார்.

"ஏண்டா, அந்தப் பையன் எந்த ஊரு?"

"நம்ம மலாக்கா தாத்தா. 2016 சுக்மாவில் மலாக்காவுக்காக ஓடி 100 மீட்டரில் 10.18 விநாடி எடுத்தார். அதையும் 2022-இல் அஸீம் ஃபாமி 10.09-இல் முந்திவிட்டார்."

"அப்போ ஜெகதீசனை எவ்வளவில் முந்தினான்?"

"ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு."

அப்பா விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு பங்குக்கு நாற்பத்தொன்பது வருசமா ஓடினானுங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு வீட்டில் ஜெகதீசனுக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் பார்த்தவர் அப்பாவே. ஒட்டியவன் மகன். மகளும் விடவில்லை, 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் பெர்லி டானோடு இரட்டையர் பூப்பந்தில் தங்கம் வென்ற எம். தீனாவின் படத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படியொரு புத்தகம் கிடக்கலாம். வெயில் படாமல் வையுங்கள். பூச்சி அரிக்காமல் பாருங்கள். பென்சிலால் ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். ஒட்டியவர் இருக்கும்போதே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் கதை கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஏழெட்டு வருடம் தாமதமாகிவிட்டது.