கேட்பவர் பகைவர் அல்லர்

இங்கிலாந்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவ்வூர் மன்றக் கூட்டமொன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. என் பேரப்பிள்ளைகள் செல்லும் கிளை நூலகத்தை மூடுவதென மன்றத்தின் நிருவாகக் குழு முடிவு செய்திருந்தது. அம்முடிவை ஆய்வுக் குழு விசாரிக்கும் கூட்டம் அது.

அந்நாட்டு முறையைச் சிறிது விளக்க வேண்டும். முன்னாளில் உறுப்பினர்கள் பல குழுக்களாகக் கூடி முடிவெடுத்து வந்தனர். 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பெரும்பாலான மன்றங்களில் அந்த அதிகாரத்தைத் தலைவரும் வேறு சிலரும் அடங்கிய நிருவாகக் குழுவிடம் ஒப்படைத்தது. அதிகாரம் சிலர் கையில் குவிந்தால் கணக்குக் கேட்க ஆள் வேண்டுமல்லவா? அதற்கென ஏற்பட்டதே ஆய்வுக் குழு. நிருவாகக் குழுவினர் இதில் உறுப்பினராக இயலாது. ஆனால் இக்குழு அழைத்தால் அவர்களும் அதிகாரிகளும் வந்து பதில் சொல்லியே தீர வேண்டும். நடைமுறைக்கு வராத முடிவை, மறுபடி ஆராயும்படி இக்குழு திருப்பி அனுப்பலாம். ரத்துச் செய்ய மட்டும் இயலாது.

"ரத்துச் செய்ய முடியாதவர்கள் கேட்டு என்ன பயன்?" என்றேன் மகனிடம்.

"வந்து பாருங்கள், வாப்பா" என்றான்.

பார்த்தேன். நூலகப் பொறுப்பாளரை நோக்கி ஓர் அம்மையார் வினவினார்: "மூடினால் மிச்சமாகும் தொகையைச் சொன்னீர்கள். அடுத்த நூலகத்திற்குப் போக முடியாத முதியோர் எத்தனை பேரென்று கணக்கெடுத்தீர்களா?" சற்று மௌனத்திற்குப்பின், "இல்லை" என்றார் அவர். கேட்டவரும் அவர் கட்சியினரே. முடிவு திருப்பி அனுப்பப்பட்டது. பொறுப்பாளர் முகம் சிவந்தது. ஆயினும் எழுந்து நன்றி கூறினார்.

இம்முறை குறையற்றதன்று. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட அவதியை அங்குள்ள ஆய்வுக் குழுக்கள் துருவிக் கேட்கத் தவறின. 2013இல் வெளியான பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதைக் கண்டித்தது. கேட்கும் அதிகாரம் மட்டும் போதாது. கேட்கும் நெஞ்சுரமும் வேண்டும்.

திரும்பும் வழியில் என் மனம் ஊருக்குப் போயிற்று. எங்கள் ஜமாஅத்தின் கணக்குப் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் தொழுகைக்குப்பின் ஓர் இளைஞர், பள்ளிவாசல் கடை வாடகை விவரத்தைக் கேட்டார். "என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்று சீறினேன். பெரியவர்கள் என் பக்கமே நின்றனர். அவர் அதன்பின் கூட்டத்திற்கு வரவே இல்லை. கணக்கில் ஒரு காசும் குறையவில்லை; ஆயினும் அதை அவரிடம் காட்டவில்லையே!

எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணி கிடைக்க, தங்கள் உடைக்கு இரண்டு எப்படி வந்ததென்று கலீஃபா உமர் (ரலி) அவர்களைச் சபையிலேயே ஒருவர் கேட்டதாக வரலாறு சொல்வார்கள். கலீஃபா சினக்கவில்லை. தம் பங்கைத் தந்தைக்கு அளித்த மகன் எழுந்து சாட்சி சொன்ன பிறகே பேச்சைத் தொடர்ந்தார்கள். இந்நிகழ்ச்சியை மேடைகளில் எத்தனை முறை பெருமையோடு பேசியிருக்கிறேன்!

ஊர் திரும்பிய முதல் ஜும்ஆவுக்குப்பின் அந்த இளைஞரின் வீட்டிற்குச் சென்று சலாம் சொன்னேன். கையில் கணக்குப் புத்தகம் இருந்தது.