ஆம்புலன்ஸ் வருது. சிக்னலுக்குத் தெரியுமா?

பாண்டில வண்டி ஓட்டுற எல்லாருக்கும் ஒரு சின்ன த்ரெட்.

1/ போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். பக்கவாதம் வந்த ஒரு மீனவ அண்ணனை ஆம்புலன்ஸ்ல கோரிமேட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். கூட நானும் இருக்கேன். இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல மாட்டிக்கிட்டோம்.

2/ முன்னாடி வெளியூர் கார்களோட வரிசை. சைரன் அலறுது. அவர் பையன் கேட்டான்: "ஏன் சார் ஒருத்தரும் நகரல?"

மனசில்லாம இல்லைங்க, இடமில்லை. முதல் வரிசைக்கு எதிர்ல சிவப்பு. பின்னாடி நிக்கிறவங்க எங்க போவாங்க?

3/ ஏன் இந்தப் பதற்றம்? மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டா, நிமிஷத்துக்குச் சராசரியா 19 லட்சம் நரம்பு செல்கள் சாகுது. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

4/ இதுக்கு வழி இருக்கு. வண்டியும் சிக்னலும் தங்களுக்குள்ள பேசிக்கிற தொழில்நுட்பம். ஆம்புலன்ஸ் தன்னோட இடம், வேகம், திசையை ரேடியோ அலை வழியா அனுப்பும். வண்டி தூரத்துல வரும்போதே சிக்னல் மத்த பக்கங்களை நிறுத்திட்டு, இந்தப் பக்கம் பச்சை போடும். முன்னாடி நிக்கிற வரிசை, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கரைஞ்சிடும். தாண்டினதும் சிக்னல் பழையபடி ஓடும்.

5/ 2014 ஜூன்ல சென்னையில ஒரு இதயத்தைச் சுமார் 12 கி.மீ. தூரம் 14 நிமிஷத்துக்குள்ள கொண்டுபோனாங்க. வழி நெடுக போலீஸ்காரங்க நின்னு பாதை ஒதுக்கினாங்க. பெரிய விஷயம். ஆனா தினமும் வர்ற பக்கவாதம், மாரடைப்பு நோயாளிக்கு யாரு நிப்பாங்க? அந்த வேலையைத்தான் இந்தக் கருவி செய்யும்.

6/ அண்ணனுக்கு ஊசி போட்டாச்சு. பிழைச்சுட்டார். ஆனா வலது கையால இன்னும் வலை பின்ன முடியல. சிக்னல்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அங்க நின்ன 6 நிமிஷம் மட்டும் எனக்கு மறக்கல.

7/ கருவி வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது:

• சிக்னல்ல முன் வண்டியை ஒட்டி நிக்காதீங்க. ஒதுங்க இடம் விட்டு நில்லுங்க.
• வழி விடாட்டி 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் அபராதம்.
• ஆம்புலன்ஸ் போன வழியிலயே பின்னாடி பறக்காதீங்க.
• வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல்னா வீட்ல படுக்க வைக்காம உடனே 108.

அடுத்த சைரன் யார் வீட்டுக்குன்னு நமக்குத் தெரியாது.