யுத்த கால மணி

சூரியன் தன் வேளைக்குத்தான் உதிக்கிறான். அப்போது மணி என்ன என்பதைச் சர்க்கார் சொல்லும். 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் அமலுக்கு வந்தது. அதற்குமுன் ரயில்கள் பார்த்து ஓடிய சென்னை நேரம் அதைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் பிந்தியது. ஒன்பது நிமிஷம் போனால் போகட்டும். யுத்தத்தின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, தேசத்துக் கடிகாரங்களை ஒரு முழு மணி முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள்!

ஷிப்டு பஸ்கள் ஓடும் சுங்குவார்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உண்டு. 1943, சித்திரைக் கடைசியில் பிறந்தவர். தகப்பனார் தபாலாபீஸ்காரர், சர்க்கார் மணியே அவர் மணி. 'காலை 6-30' என்று நோட்டில் குறித்திருந்தார். தாயாரோ, "நீ பிறந்தபோது சூரியன் கிளம்பவில்லையடா" என்று கடைசி வரை சாதித்தாளாம். சித்திரையில் ஆறரைக்குச் சூரியன் வராமல் இருப்பானா? வீடே சிரித்தது. ஜாதகமும் நோட்டுப்படியே கணிக்கப்பட்டது.

நான் ஒரு மணியைக் கழித்துக் காட்டினேன். ஐந்தரை! ரிஷப லக்னம் மேஷமாயிற்று. உதயத்தில் நாள் தொடங்கும் நம் கணக்கில் கிழமையே ஒன்று பின்னுக்குப் போயிற்று. பெரியவர் லக்னத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்படியானால் அம்மா சொன்னது சரிதானே?" என்றார்.

இன்று கணிப்பொறிகள் பார்க்கும் உலக நேர அட்டவணையில் அந்த யுத்த வருஷங்களும் ஏறியிருக்கின்றன. பழைய உத்தரவுகளைத் தேடித் துருவி, சிலர் அதைக் கூலி வாங்காமல் திருத்தி வருகிறார்கள். எண்பது வருஷத்து மணியைத் திருத்தி என்ன லாபம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கடிகாரத்தை நம்பி நாம் பொய்யாக்கிவிட்ட சாட்சிகள் எத்தனை பேரோ!