ஆடும் இடம், ஆடாத இடம்

முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூட்டிப்போவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. பையன் டேங்க் ஸ்டிக்கரைப் பார்ப்பான். அப்பா மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பார். நான் சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லி வண்டியைப் பிடித்து ஆட்டுவேன். ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டியிருக்கலாம், மீட்டரையே மாற்றியிருக்கலாம். ஆட்டிப் பார்த்தால் தெரிவதை மறைப்பது கஷ்டம்.

வருஷக்கணக்காக ஸ்பேனர் பிடித்ததில் எனக்குத் தேறிய அறிவு இவ்வளவுதான்: மோட்டார் சைக்கிளில் சில இடங்கள் ஆட வேண்டும், சில இடங்கள் ஆடவே கூடாது. பட்டறையில் அந்த ஆட்டத்தை ‘பிளே’ என்போம். இருக்க வேண்டிய இடத்தில் பிளேயைக் காப்பாற்றுவதும், கூடாத இடத்தில் அதை ஒழிப்பதும்தான் பராமரிப்பில் பெரும்பகுதி. பழைய வண்டி வாங்கும்போது சோதிப்பதும் அதையேதான்.

ஆடக் கூடாத இடங்களை முதலில் சொல்கிறேன். முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ‘டக்’ என்று கையில் அடித்தால் கோன் செட், அதாவது ஹாண்டில் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கிறது. அடுத்து ஹாண்டில்பாரை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால், கோன் செட்டின் பாதையில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. மாற்றியே ஆக வேண்டும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் புஷ். இவை எதுவும் பெரிய செலவு வைக்காது. ஆனால் இவ்வளவையும் ஆட விட்டு ஓட்டியவர், கண்ணுக்குத் தெரியாத எஞ்சினுக்குள் என்ன கவனித்திருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், ‘ஒரு வேலை இருக்கு, அப்புறம் வர்றேன்’ என்று திரும்பி, ஆறிய பிறகு போய்ப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் உதைக்கு நீலப்புகை விட்டு அப்புறம் புகை நின்றுபோனால், வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. ஆக்சிலரேட்டரைத் திருகும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும். கறுப்புப் புகை அவ்வளவு மோசமில்லை. பெட்ரோல் அதிகமாக எரிகிறது, அவ்வளவுதான்.

காகிதத்தையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணத்தை எண்ண வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். ‘பேரை அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால், அந்த வண்டி எங்கே மோதினாலும் விற்றவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால் நான் பெரும்பாலும் ஸ்ப்ளெண்டர் என்பேன். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது, 1994-ல் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர், முன்பக்கம் சாய்ந்து ஏறக்குறைய படுத்திருக்கும். 1958-ல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியிலும் சிலிண்டர் இப்படித்தான் படுத்திருக்கும். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்துபோன பிறகும் எஞ்சின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது கார்பரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியவில்லை.

இனி ஆட வேண்டிய இடங்கள். புதிதாக வண்டி வாங்கியவர் செய்யும் முதல் கைவேலை செயினை இறுக்குவதுதான். “அண்ணே, செயின் தொங்குது, டைட் பண்ணிட்டேன்” என்று பெருமையாக வந்து நிற்பார்கள். தொங்கத்தான் வேண்டும் தம்பி. கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்ப்ராக்கெட் சுழலும் மையம் வேறு, ஸ்விங் ஆர்ம் ஆடும் மையம் வேறு. ஆள் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடுகிறது. நிறுத்தி வைத்த வண்டியில் கச்சிதமாகத் தெரியும் செயின், பின்னால் ஒருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கியதும் வில் நாண் மாதிரி விறைக்கும். அந்த இழுவையை கியர்பாக்ஸ் பேரிங்கும் சக்கர பேரிங்கும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் மொத்தம் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஆகவே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்து, அதிகம் இறுகும் இடத்தில் நிறுத்தி அங்கே அளவு வையுங்கள். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டர் கோடும் ஒன்றுபோல இருக்கட்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக நின்று ஸ்ப்ராக்கெட் பல்லைத் தின்னும். செயினுக்காகச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பிரேக் ராடும் இழுபடும். எனவே செயினில் கை வைத்தவர் பிரேக் பெடலையும் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

பிரேக்கும் அப்படித்தான். பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி, அப்புறம்தான் பிடிக்க வேண்டும். தொட்டவுடன் பிடிக்கட்டும் என்று நட்டைத் திருகி வைத்தால், ஷூ எந்நேரமும் டிரம்மை உரசிக்கொண்டே போகும். டிரம் கொதிக்கும், மைலேஜ் விழும். கிளட்ச் லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, எஞ்சின் கத்தும், வண்டி இழுக்காது, பிளேட் கருகும். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: ஐட்லிங்கில் ஓடவிட்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிளில் ஆட்டம் போதாது, அல்லது அது எங்கோ சிக்கியிருக்கிறது.

இந்த விஷயத்தின் உச்சம் டாப்பட். வால்வின் வாலுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடுகிறோம். எஞ்சின் சூடாகும்போது வால்வு நீளும், அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். இடைவெளி கூடினால் ‘டக டக’ என்று சத்தம் வரும். வாடிக்கையாளர் அந்தச் சத்தத்தைத்தான் நிறுத்தச் சொல்வார். சத்தமே இல்லாமல் இறுக்கிவிட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் படியும்போதுதான் இறக்கி வைக்கிறது. படிய வழியில்லை என்றால் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும், ஒருநாள் காலையில் வண்டி கிளம்பாது. லேசாகச் சத்தம் போடும் டாப்பட்டைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, முன்பு சத்தம் போட்டு இப்போது திடீரென்று அமைதியான டாப்பட்தான் எனக்குப் பயம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்படி ஃப்ளைவீலின் ‘டி’ குறியை நேராக்கி, ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகும்படி வைக்க வேண்டும். அந்த உரசலை எழுத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், விரலுக்குப் பிடிபடும்.

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்ப்ளெண்டர் எஞ்சினில் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் அதிலேயே குளிக்கின்றன. காருக்கான ஆயில் சிலவற்றில் வழுக்கலைக் கூட்டும் பொருள் இருக்கும், ஊற்றினால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு வலையும், சுழற்சியில் அழுக்கைச் சுவரில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். அதனால் பழைய வண்டிகளை ஆயில் மாற்றாமல் 3000 கிலோமீட்டரைத் தாண்ட நான் விடுவதில்லை. அளவு பார்க்கும்போது சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுக்க வேண்டும்; திருகினால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் கடைகளில் வரிசை நிற்கும். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் சரி. ஆனால் பீய்ச்சும் குழாயைச் சக்கர மையத்துக்கும் கோன் செட்டுக்கும் நேராகக் காட்ட விடாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். வாளித் தண்ணீரும் துணியும் போதும். துடைக்கும்போதுதான் எங்கே ஆயில் கசிகிறது, எந்த நட்டைக் காணோம் என்பதும் தெரியும். செயினை மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, 90-ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம் விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இதைச் செய்ய வேண்டும். எஞ்சினை கியரில் ஓடவிட்டுச் செயின் துடைத்து விரலைக் கொடுத்தவர்கள் உண்டு. செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

கடைசியாக, இறுக்கும் கை. எஞ்சின் அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை வந்தால் தோற்பது அலுமினியம். பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது வெறும் விரலால் மரை பிடித்துக் கடைசி வரை சுற்றிவிட்டு, புது வாசர் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்று, பழையது என்றால் அதைவிடக் குறைவு. வலு இருக்கிறதே என்று இன்னொரு தடவை திருகினால் மரை போய்விடும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

காற்று, செயின், பிரேக், கிளட்ச், ஆயில் ஐந்தையும் வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். ஸ்ப்ளெண்டரில் தனியாகப் போனால் முன்னே 25, பின்னே 28, இரண்டு பேர் என்றால் பின்னே கூட்ட வேண்டும். டாப்பட், கோன் செட், எஞ்சின் வேலையை எங்களிடம் விடுங்கள். விடும்போது ‘ஏதோ சத்தம் வருது’ என்று சாவியை நீட்டாதீர்கள். எந்த கியரில், எந்த வேகத்தில், ஆறியபோதா சூடானபோதா, கிளட்சைப் பிடித்தால் நிற்கிறதா என்று சொல்லுங்கள். போன தடவை எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்றினோம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதியும் வையுங்கள். அப்படி வருகிறவரிடம் தேவையில்லாத பார்ட்ஸை மாற்றிப் பில் போட எந்த மெக்கானிக்குக்கும் வாய் வராது. எனக்கும்தான்.