காற்றும் இரும்பும்

ஒரு பொருள் யாருக்குச் சொந்தம்? பத்திரத்தில் எவன் பெயர் இருக்கிறதோ அவனுக்கு என்று சட்டம் சொல்லும். பணம் கொடுத்தவனுக்கு என்று கடைக்காரன் சொல்வான். கெட்டுப்போனால் அதனைத் திருத்த வல்லவன் எவனோ, அவன் கையிலேதான் அது மெய்யாக இருக்கிறது என்பேன் நான். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வாகனம் பட்ட பாட்டைக் கண்டபின் இந்த எண்ணம் என்னுள் உறுதிப்பட்டது.

ஜிந்துப்பிட்டியில் வீட்டுக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஆனால், வாகனத்தை நம்பிப் பிழைப்பவர்களோ அநேகர். துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. லொறிச் சாரதி, முச்சக்கரவண்டி ஓட்டுபவர், வாடகை வான் வைத்திருப்பவர் என்று வீட்டுக்கு ஒருவரைக் காணலாம். அவர்களுள் ஒருவர் எனது அயல்வீட்டார். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை ‘மாஸ்டர்’ என்பார். யப்பானில் யாரோ ஒரு செல்வர் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்த ஏழு இருக்கை ஜீப் ஒன்றை அவர் லீசிங் தவணைக்கு எடுத்திருந்தார். கட்டுநாயக்கவில் வந்திறங்கும் பயணிகளைக் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டு செல்வது அவர் தொழில்.

அந்த ஜீப்பின் பின்பாரத்தை இரும்பு வில் தாங்கவில்லை, காற்றுத் தாங்கிற்று. அவ்வாகனத்தின் உயர்ந்த தரத்துக்கு மட்டும் உற்பத்தியாளர் அளித்த வசதி அது. அமைப்பு வியக்கத்தக்கது. நூலிழை பொதிந்த தடித்த றபர்ப் பைகள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. மின்சாரத்தால் ஓடும் சிறிய கொம்பிரசர் அவற்றுக்குக் காற்றை ஊட்டுகிறது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரம்பிய குப்பியொன்றின் ஊடாக அக்காற்று உலர்ந்து செல்கிறது. பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை உணரிகள் கணினிக்கு அறிவித்தவண்ணம் இருக்கின்றன. ஒருவர் ஏறினாலும் எழுவர் ஏறினாலும் வாகனம் ஒரே மட்டத்தில் நிற்கும்.

நோய் பெரும்பாலும் றபரிலே தொடங்குகிறது. சில்லு ஏறி இறங்குந்தோறும் பை மடிந்து விரிகிறது. ஆண்டுக்கணக்கில் மடிந்த இடத்தில் வெடிப்புக் காண்கிறது. வெப்பமும் தெருப்புழுதியும் அதனை விரைவுபடுத்துகின்றன. முதலில் கண்ணுக்குப் புலப்படாத கசிவுதான். இரவில் நிமிர்ந்து நின்ற வாகனம் விடியும்போது நாய் குந்துவதுபோலப் பின்புறம் தாழ்ந்திருக்கும். அதனை நிமிர்த்தக் கொம்பிரசர் மீண்டும் மீண்டும் ஓடும். சற்று ஓடி நெடுநேரம் ஓய்வதற்கென்று செய்யப்பட்ட இயந்திரம் ஓய்வின்றி ஓடினால் சூடேறித் தேய்ந்து ஈற்றில் கருகிவிடும். உறிஞ்சும் மணிகள் நனைந்து போனால் ஈரம் வால்வுகளுக்குள்ளும் புகும். மயிரிழை வெடிப்பொன்று முழு அமைப்பையுமே தின்றுவிடக்கூடியது.

அண்ணருக்கு நேர்ந்ததும் இதுவே. முகவர் நிலையமொன்று எல்லாவற்றையும் புதிதாகப் போடவேண்டும் என்றது. அவர்கள் கூறிய தொகை எட்டு மாதத் தவணைக்கு மேல். உதிரிப்பாகங்கள் வந்து சேர ஆறு வாரமாகலாம் என்றும் சொன்னார்கள். வாகனம் படுத்துவிட்டது, தவணை படுக்கவில்லை. இரண்டு தவணைகள் தவறின. மூன்றாவதும் தவறினால் வாகனத்தை இழுத்துச் செல்வார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவருடைய மூத்த மகளுக்கு அது சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டு. அவள் கணித வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். 1911ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் நிற்கின்ற அதே பகுதிதான். நாடக மேடைக்குப் பேர்போன அவ்விடம் இன்று உதிரிப்பாகங்களின் பெருஞ்சந்தை. கழற்றிய கதவுகள், கண்ணாடிகள், இயந்திரங்கள் எல்லாம் கடைவாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. அங்கே ஒழுங்கையொன்றில் கராஜ் வைத்திருக்கும் முதியவரை எல்லோரும் ‘நானா’ என்றே அழைக்கிறார்கள். அவரிடம் வேலை பழகும் சிங்களப் பையன் மட்டும் ‘பாஸ்’ என்கிறான். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. எசமானைக் குறித்த அந்தச் சொல்லை, கைத்தொழில் வல்லவனைக் குறிக்கும் சொல்லாக இந்நாட்டுத் தொழிலாளர் மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜீப்பைத் தட்டுத்தடுமாறிக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நானா ஒரு வாளியில் சவர்க்கார நீரைக் கரைத்துப் பைகளின் மடிப்பில் ஊற்றினார். நுரை பொங்கியது. கணினி பார்த்துச் சொன்ன நோயை அந்த நுரையும் சொல்லிற்று.

“தம்பி, காத்துக்கு என்னால பிணை நிக்க ஏலா, இரும்புக்கு ஏலும்” என்றார்.

பின்பு அவர் விளக்கியதைக் கேட்டு நான் வியந்தேன். அதே உற்பத்தியாளர் அதே ஜீப்பைக் குறைந்த விலையில் வாங்குவோருக்காக இரும்புச் சுருள்வில்லோடும் செய்கிறார். சட்டகம் ஒன்று, அச்சு ஒன்று, வில் அமரும் இடமும் ஒன்று. ஆகவே தாழ்ந்த தரத்தின் வில் உயர்ந்த தரத்தில் இடறின்றிப் பொருந்தும். ஆயினும், அகப்பட்ட வில்லை மாட்டிவிட முடியாது. கம்பியின் தடிப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் நானா அளந்து பார்த்தார். கம்பியின் தடிப்பு இருமடங்கானால் வில்லின் விறைப்புப் பதினாறு மடங்காகும். சுற்றுகள் கூடினால் வில் இளகும். இவற்றை அவர் சூத்திரமாக அறியார். ஆனால், மூன்று சோடிகளைத் தள்ளிவிட்டு நான்காவதைத்தான் எடுத்தார்.

ஷொக் அப்சோபர்களைப் புதிதாகவே வாங்கச் சொன்னார். வில் பாரத்தைத் தாங்கும், ஆட்டத்தை அடக்காது. வில் மட்டும் இருந்தால் வாகனம் ஒரு குழிக்குப் பத்துமுறை ஊஞ்சலாடும். ஷொக்குக்குள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களினூடு பிதுங்கிச் சென்று அந்த ஆட்டத்தை வெப்பமாக்கித் தணிக்கிறது. வில்லுக்கேற்ற ஷொக் அமையாவிடில் செய்த வேலை வீண். இரண்டு நாளில் வேலை முடிந்தது. காற்றமைப்பைத் தேடிக் கணினி எச்சரிக்கை விளக்கை எரியவிடாதபடி அதற்கும் செய்தி சொல்லப்பட்டது. சுவரெதிரே நிறுத்தி முன்விளக்குகளின் மட்டமும் திருத்தப்பட்டது. ஆன செலவு, முகவர் நிலையம் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாவது தவணை உரிய நாளில் கட்டப்பட்டது. அடுத்த கிழமையே மகள் வகுப்புக்குத் திரும்பினாள்.

இழப்பே இல்லையென்று சொல்லமாட்டேன். ஏழுபேரும் பெட்டிகளும் ஏறினால் இப்போது பின்புறம் சற்றுத் தாழ்கிறது. பழைய மெத்தென்ற ஓட்டமும் இல்லை. ஆனால், அண்ணர் சொன்ன ஒரு வார்த்தை என் நெஞ்சில் நிற்கிறது: “மாஸ்டர், இப்ப ஏதும் சத்தம் கேட்டா அது என்ன சத்தம்னு எனக்கே தெரியுது.” லீசிங் பத்திரம் இன்னும் கம்பனியின் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வாகனம் அன்றுதான் அவருடையதாயிற்று.

“இது பின்னோக்கிப் போவதல்லவா?” என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்வம் கொழித்த அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. 1957இல் கடிலாக் நிறுவனம் தன் மிக விலையுயர்ந்த வாகனத்துக்குக் காற்றுப்பைகளைப் பொருத்தியது. மறு ஆண்டு ஜெனரல் மோட்டோர்ஸ் அதனைத் தன் ஏனைய கார்களுக்கும் மேலதிக விலைக்கு வழங்கியது. கசிவும் பழுதும் மலிந்தன. வாங்கியவர்களுள் பலர் சில ஆண்டுகளிலேயே சுருள்வில்லுக்கு மாறினார்கள். அறிவியலின் கண்ணுக்குக் காற்றும் இரும்பும் பகையுமல்ல. றொபேட் பொயில் 1660இல் காற்றின் வில்தன்மையைப் பற்றி நூல் வெளியிட்டார். அந்த ஆய்வுகளுக்கு வேண்டிய காற்றுப் பம்பியைச் செய்து கொடுத்தவர் அவரிடம் கூலிக்கு வேலைபார்த்த றொபேட் ஊக். இரும்பு வில்லின் விதியை 1678இல் வெளியிட்டவரும் அதே ஊக்தான். இரண்டு வில்லும் ஒரே தொழிலாளியின் கைபட்டவை.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்த வசதியை யார் அனுபவிக்கிறார்கள், இதன் பழுதை யார் சுமக்கிறார்கள் என்பதே அக்கேள்வி. புதிதாக இருந்தவரை யப்பானியச் செல்வர் அனுபவித்தார். முதுமையும் நோயும் தவணையோடு சேர்ந்து ஜிந்துப்பிட்டிச் சாரதியின் தலையில் இறங்கின. நாடும் இப்படித்தான் கடன்காற்றில் மிதந்தது. கசிவு தெரிந்தபோது மேலும் கடனை ஊதி நிமிர்த்தினார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடையிலிருந்த ஐந்தாண்டுகளும் பழைய வாகனங்களை ஓடவைத்தவர்கள் யார்? பஞ்சிகாவத்தையிலும் கிராண்ட்பாஸிலும் எண்ணெய் படிந்த கைகளோடு நின்ற இந்த மனிதர்கள்தாம். நானாவின் பையனுக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. அவன் கற்ற கல்விக்குச் சான்றிதழும் இல்லை.

காற்று வில்லை நான் வெறுக்கவில்லை. அதற்குரிய இடம் ஒன்று உண்டு. பல நாடுகளின் நகரப் பேருந்துகள் காற்றுப்பைகள்மீது நிற்கின்றன. தரிப்பிடத்தில் அவை காற்றைச் சற்று இறக்கி ஒருபக்கம் தாழ்கின்றன. கிழவியும், ஊன்றுகோல்காரரும், குழந்தை ஏந்திய தாயும் நடைபாதையிலிருந்து அப்படியே ஏறிவிடுகிறார்கள். நாம் 1958 சனவரி முதலாம் நாள் பேருந்துகளை மக்களுடைமையாக்கிய நாட்டினர். அப்படியிருந்தும் நம்முடைய பேருந்துகளுள் மிகப்பல இன்றும் லொறிச் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டவை. தகட்டு விற்களில் குலுங்குபவை. முழங்கால் அளவு உயர்ந்த படியில் தொற்றி ஏறவேண்டியவை. ஆமர் வீதித் தரிப்பிடத்தில் முதியவர்கள் கம்பியைப் பற்றித் தொங்கி ஏறுவதை நாள்தோறும் காண்கிறேன். அதே வீதியில் காற்றுமெத்தை ஜீப்புகள் தனித்தனி மனிதரை ஏற்றிக்கொண்டு அவர்களைக் கடந்து போகின்றன.

பொதுப் பணம் வாங்கும் காற்று முதலில் பேருந்துக்குப் போகட்டும். அதனைத் திருத்தும் கல்வி நானாவின் பையனுக்குக் கிடைக்கட்டும். அதுவரை ஏழையின் வண்டியை இரும்பு தாங்கட்டும். அதை அவன் அறிவான், அதைத் திருத்தும் கையும் அவன் தெருவிலேயே இருக்கிறது.